கூட்டலா, கழித்தலா: எது முதலில்?

கலசப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டில் பட்டுத் தறி. இந்தத் தடவை கூலி 12,000 ரூபாய். முன்பணத்துக்குப் பிடித்தம் 1,500. பண்டிகைக்கென்று 500 சேர்த்துத் தந்தார்கள். 12,000 − 1,500 + 500 என்று எழுதிப் பார்த்தால் எனக்கு 11,000 வருது. ஏழாவது படிக்கிற மகளோ, 'போட்மாஸ்படி கூட்டல்தாம்மா முதல்லே, 10,000தான்' என்கிறாள். எது சரி?"

உங்கள் கணக்குதான் சரி, சகோதரி! மகள் சொல்கிறபடி 1,500-ஐயும் 500-ஐயும் முதலில் கூட்டிக் கழித்தால் என்ன ஆகும்? கையில் தந்த 500-ம் பிடித்தத்தில் சேர்ந்துவிடும். ஆயிரம் ரூபாய் போச்சு!

குழந்தை மேல் குற்றமில்லை. 'போட்மாஸ்' என்பது எழுத்துக்களை ஞாபகம் வைக்க ஒரு வழி, அவ்வளவுதான். உண்மையான வரிசை இதுதான்:

1. முதலில் அடைப்புக்குறிக்குள் இருப்பது.
2. அடுத்து பெருக்கலும் வகுத்தலும். இரண்டும் சரிசமம், இடமிருந்து வலமாக, எது முன்னே வருகிறதோ அதை முதலில். 24 ÷ 4 × 2 என்றால் 12, 3 அல்ல.
3. கடைசியில் கூட்டலும் கழித்தலும். இவையும் சரிசமம்தான், இடமிருந்து வலம்.

பெருக்கலுக்கு ஏன் முதலிடம்? 60 ரூபாய்க்கு அரிசி, 25 ரூபாய் வீதம் 3 தேங்காய். 60 + 3 × 25. தேங்காய் விலையை முதலில் பெருக்கினால்தானே 135 வரும்? கடைகளில் இருக்கும் சாதாரண கால்குலேட்டர் பல, தட்டின வரிசையிலேயே போட்டு 1,575 காட்டும்! செல்போன் கால்குலேட்டர் பெரும்பாலும் 135 என்றே சொல்லும்.

அதற்காக செல்போனை அப்படியே நம்பிவிடாதீர்கள். டாக்டர் காலையில் 1, இரவில் 2 மாத்திரை, 10 நாளைக்கு என்கிறார். 1 + 2 × 10 என்று தட்டினால் 21 வரும். வேண்டியதோ 30! ஒன்பது மாத்திரை குறைந்தால் கடைசி மூன்று நாள் மருந்தே இருக்காது. இங்கே அடைப்புக்குறி அவசியம்: (1 + 2) × 10.

ஆகவே, எந்த எண் எதனோடு சேர்ந்தது என்று முதலில் கேளுங்கள். சேர்ந்ததை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். கூலிச் சீட்டில் கையெழுத்துப் போடுமுன் ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்கள். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் அவளுக்கும் பாடம் ஆயிற்று.