எண்ணெய்க் காசு மட்டும் போதுமா?



‘மறைமுக வாடிக்கையாளர்’ என்றொரு பகுதிநேர வேலை உண்டு. மிஸ்டரி ஷாப்பர் என்றால் பலருக்கும் விளங்கும். கடைக்கோ உணவகத்துக்கோ சாதாரண வாடிக்கையாளரைப் போலச் சென்று, ஊழியர் வரவேற்ற விதம், காத்திருந்த நிமிடங்கள், கழிப்பறைத் தூய்மை முதலியவற்றை உற்றுநோக்கி, வீடு திரும்பியதும் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். என் அண்ணன் மகள் கோலாலம்பூரில் இதைச் செய்து வருகிறாள். சிரம்பானில் உள்ள ஒரு கடைக்குச் சென்றுவரப் பயணச் செலவு எவ்வளவு வேண்டும் என்று நிறுவனத்தார் அவளைக் கேட்டிருக்கின்றனர். “இருபது ரிங்கிட் போதும்தானே அத்தை?” என்றாள். போதாது என்பதே என் கருத்து.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் கொடுக்கும் கணக்குதான் இது. போக ஏறக்குறைய 65 கிலோமீட்டர். திரும்பிவர மேலும் 65. அவளது கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும். 11 லிட்டர் வேண்டும். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 திட்டத்தின் 1 ரிங்கிட் 99 சென் விலைப்படி பார்த்தாலும் 22 ரிங்கிட் ஆகிறது. இருபது ரிங்கிட் எண்ணெய்க்கே பற்றவில்லை! மேலும், அந்த மானியம் குடிமக்களின் சுமையைக் குறைக்கத் தரப்படுவது. மானிய விலையை மட்டும் கணக்கிட்டுக் கேட்டால், அதன் பயன் நிறுவனத்தைச் சேர்கிறது.

டயர் தேய்மானம், எஞ்சின் எண்ணெய், காப்புறுதி, சாலை வரி ஆகியவற்றுக்கும் ஒவ்வொரு கிலோமீட்டரும் சிறிது சிறிதாக விலை கொடுக்கிறது. அமெரிக்க வருமான வரித்துறை 2025க்கு மைலுக்கு 70 காசு என்று வகுத்தபோது எண்ணெயோடு இவற்றையும் சேர்த்தே கணக்கிட்டது. நம் ஊர் விலைவாசிக்குக் கிலோமீட்டருக்கு 40 சென் கேட்பது பேராசையன்று. 130 கிலோமீட்டருக்கு 52 ரிங்கிட். டோல், வாகன நிறுத்துமிடக் கட்டணம் இரண்டையும் ரசீதுப்படி தனியே கேட்கலாம்.

நேரத்தை மட்டும் யாரும் எண்ணுவதில்லை. போகவர, நெரிசலையும் சேர்த்து, மூன்று மணி நேரம். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 8 ரிங்கிட் 72 சென் ஆகிறது. அதன்படி பார்த்தாலும் இன்னும் 26 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். கடைக்குள் செய்யும் வேலைக்கும் அறிக்கைக்கும் உரிய ஊதியம் வேறு, இது வேறு.

“இவ்வளவு கேட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்கள்” என்பது அவளது அச்சம். பார்க்கட்டுமே! சிரம்பானிலேயே குடியிருக்கும் ஒருவர் போனால் அவருக்கும் வருமானம், நிறுவனத்துக்கும் சிக்கனம். அங்கே ஆள் கிடைக்கவில்லை என்றால்தானே இவளை அழைக்கின்றனர்? அப்படியானால் இவளது பயணத்துக்கு அந்த விலை தகும். பணம் கேட்கக் கூச்சப்பட்டே நம் பெண்கள் பலர் கைக்காசை இழக்கின்றனர். இவள் குறைத்துக் கேட்டால் அடுத்துப் போகிறவளுக்கும் அதே தொகைதான்.

ஆனால் ஒன்றில் நான் கண்டிப்பாக இருப்பேன். ஒரே நாளில் சிரம்பானில் இரு நிறுவனங்களுக்காக இரு கடைகளைப் பார்த்தால், முழுத் தொலைவையும் இருவரிடமும் கேட்கலாகாது, ஆளுக்குப் பாதி. உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு எப்படியும் போகவேண்டிய நாளென்றால், கடைக்காகச் சுற்றிச் சென்ற தூரத்துக்கும் நேரத்துக்கும் மட்டுமே கேட்க வேண்டும். எதுவாயினும் புறப்படுமுன் மின்னஞ்சலில் தொகையை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். போய்வந்த பிறகு பேரம் பேச இடமிருக்காது.