அணுவால் ஓடும் விமானந் தாங்கி: ஒரு முழுக் கணக்கு

கடலைக் காண வேண்டுமாயின் இரவு இரயிலேறிச் சென்னைக்குச் செல்ல வேண்டிய பிரேசர் டவுன் வாசிகளுக்குக் கப்பலைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று நம் அன்பர்களுள் சிலர் வினவக்கூடும். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் வாழ்கிறோம். அலையோசை நம் செவிக்கு எட்டுவதில்லை. ஆயினும் கப்பற் கலைக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவு சிறிதன்று. 2022 செப்டம்பர் 2-ஆம் நாள் கொச்சியில் நம் கடற்படையிற் சேர்க்கப்பட்ட 'விக்ராந்த்' என்னும் விமானந் தாங்கிக் கப்பலை ஓட்டும் வாயுச் சுழலி எஞ்சின்கள் நான்கும் அமெரிக்க வடிவமைப்பின்படி பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலையில் பூட்டிச் சேர்க்கப்பட்டவை. இதே ஊரில் உருவாகி, 2012 ஏப்ரல் 27-இல் முதன்முதல் வானேறிய கடற்படைத் தேஜஸ் விமானம், 2020 ஜனவரி 11-இல் 'விக்ரமாதித்யா'வின் தளத்திலும், 2023 பிப்ரவரியில் விக்ராந்தின் தளத்திலும் வந்திறங்கியது. தூக்குப் பாத்திரத்தோடு விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நின்ற நம்மவரின் உழைப்பில் ஒரு பங்கு கடலையும் சென்று சேர்ந்திருக்கிறது.

ஆகவேதான் கல்லூரியிற் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், "அமெரிக்காவிடம் இருப்பதுபோல் அணுசக்தியால் ஓடும் விமானந் தாங்கி நம் நாட்டுக்கும் வேண்டாமா?" என்று கேட்கும்போது, அதனைச் சிறுபிள்ளை விளையாட்டுப் பேச்சாகக் கருதித் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. கேள்வி நல்ல கேள்வி. ஆனால் விடை சொல்லுமுன் அத்தகைய கப்பலின் பிறப்பு, வாழ்வு, முடிவு ஆகிய மூன்றையும் ஒருங்கே எடுத்துப் பார்த்தல் வேண்டும். பெண்ணுக்கு வரன் பார்க்கப் போகிறவர்கள் பந்தலின் அழகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை அன்றோ?

முதலில் இயக்கத்தைப் பார்ப்போம். அணு எஞ்சின் என்றவுடன் ஏதோ மாயப் பொறி என்று எண்ண வேண்டுவதில்லை. அதுவும் நம் பழைய இரயில் எஞ்சினைப் போல் நீராவியால் வேலை செய்வதே. அடுப்புத்தான் வேறு. யுரேனியத்தின் அணுக்கரு பிளவுபடுங்கால் எழும் வெப்பத்தை, மிகுந்த அழுத்தத்தில் அடைபட்ட நீர் ஏற்றுச் செல்கிறது. அந்நீர் குழாய்களுக்குள்ளேயே சுற்றி வந்து, வேறொரு தொட்டியிலுள்ள நீரைச் சூடாக்கி ஆவியாக்குகிறது. அந்த ஆவிதான் சுழலியைச் சுழற்றி, பற்சக்கரங்களின் வழியே கப்பலை உந்தும் விசிறியைத் திருப்புகிறது. கப்பலுக்கு வேண்டிய மின்சாரமும் அதனாலேயே பிறக்கிறது. ஒரு கிலோகிராம் யுரேனியம்-235 முழுதும் பிளவுபட்டால் 2,500 டன்னுக்கு மேற்பட்ட நிலக்கரியை எரித்த வெப்பம் கிடைக்கும் என்பர். அடுப்புக்குக் காற்று வேண்டா. ஆகவே புகையும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. விறகுக்காக ஒதுக்கிய இடம் மிச்சமாவதால், விமானங்களுக்கான எண்ணெயையும் குண்டுகளையும் கூடுதலாக ஏற்றிக்கொள்ளலாம்.

இவ்வகைக் கப்பல்களுள் முதலாவது அமெரிக்காவின் 'எண்டர்பிரைஸ்'. வர்ஜீனியா மாநிலத்து நியூபோர்ட் நியூஸ் கப்பற்கட்டும் தளத்தில் 1958 பிப்ரவரியில் அதற்கு அடிமரம் நாட்டினர். 1960 செப்டம்பரில் நீரில் இறக்கினர். 1961 நவம்பர் 25-இல் கடற்படையிற் சேர்த்தனர். நீளம் 342 மீட்டர். நிறைசுமையோடு எடை 90,000 டன்னுக்கும் மேல். அதன் வயிற்றுக்குள் எட்டு அணு உலைகள். ஓர் உந்து தண்டுக்கு இரண்டு வீதம் நான்கு தண்டுகள். அதே 1961-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாள்தான் நம் பழைய விக்ராந்தும் பெல்பாஸ்ட் துறைமுகத்தில் நம் கொடியை ஏற்றிக்கொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் கட்டத் தொடங்கி, முடிக்காமல் விட்டிருந்த கப்பலை நாம் வாங்கி முடித்துக்கொண்டோம். ஒரே ஆண்டில் பணியேற்ற இவ்விரு கப்பல்களும் பத்தாண்டு கழித்து ஒரே கடலில் பேசப்படுமென்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

எண்டர்பிரைஸின் பெருமை 1964-இல் உலகுக்குத் தெரிந்தது. அணுவால் ஓடும் வேறிரு போர்க்கப்பல்களோடு சேர்ந்து, 65 நாட்களில் 30,000 மைல்களுக்கு மேல் ஓடி, வழியில் எங்கும் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றி வந்தது. ஆயினும் அணு உலை கப்பலை எல்லாத் தீங்கினின்றும் காப்பதில்லை. 1969 ஜனவரி 14-இல் ஹவாய்த் தீவருகே, விமானத்தைக் கிளப்பும் வண்டியின் சூடான புகை பட்டு ஒரு ராக்கெட்டு வெடித்தது. தீ தளமெங்கும் பரவியது. 28 பேர் மாண்டனர்; 15 விமானங்கள் அழிந்தன. அணு அடுப்பு எவ்வளவு நுட்பமானதாயினும், மேல்தளத்தில் இருப்பவை எண்ணெயும் வெடிமருந்துமே என்பதை நாம் மறத்தலாகாது.

இனி 1971. வங்கதேச விடுதலைப் போர் நடந்த அந்த டிசம்பரில், அமெரிக்கா எண்டர்பிரைஸைத் தலையாகக் கொண்ட ஒரு கப்பற் படையை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியது. சென்னையில் உறவினரை வைத்திருந்த நம் பெரியோர்கள் வானொலிப் பெட்டியருகே அமர்ந்து கவலையோடு செய்தி கேட்ட காலம் அது. அதற்கு முன்பே, டிசம்பர் 4-ஆம் நாள், பழைய விக்ராந்தின் ஸீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிவிட்டிருந்தன. அச்சமயம் விக்ராந்தின் நான்கு கொதிகலங்களுள் ஒன்றில் விரிசல்; முழு வேகத்தில் ஓட இயலாத நிலை. எட்டு அணு உலைகளையுடைய கப்பல் விரிகுடாவை எட்டிய வேளையில், டிசம்பர் 16-இல், டாக்காவில் சரணாகதி முடிந்தது. எண்டர்பிரைஸ் ஒரு குண்டும் சுடாமல் திரும்பிற்று. கப்பலின் அளவு மட்டுமே காரியத்தை முடிப்பதில்லை. உரிய இடத்தில், உரிய நாளில் நிற்பதும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நமக்குக் கிடைக்காது. அதே வேளையில், எந்தத் துறைமுகத்தையும் எண்ணெய்க்காகக் கெஞ்சாமல் நெடுந்தொலைவு விரைந்து வர வல்லது அணுக்கப்பல் என்பதையும் அந்நிகழ்ச்சி காட்டியது. இரண்டையும் சேர்த்தே கற்றல் வேண்டும்.

அத்தகைய கப்பலொன்றைச் சென்னை மக்கள் பின்னர் அருகிலேயே பார்த்தனர். 2007 ஜூலையில் 'நிமிட்ஸ்' சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது. அதை எதிர்த்து இடதுசாரிக் கட்சியினர் கிளர்ச்சி செய்தனர். எண்டர்பிரைஸில் எட்டு உலைகள் செய்த வேலையை நிமிட்ஸில் இரண்டே உலைகள் செய்கின்றன. விமானப் பிரிவினரையும் சேர்த்து ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அதில் வாழ்வர். நம் நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றின் மக்கள்தொகையைவிட அது மிகுதி.

இதுவரை பிறப்பும் வாழ்வும். "யானையைக் கட்டித் தீனி போடுவது" என்று நம் பாட்டிமார் சொல்லும் பகுதி இனிமேல்தான் வருகிறது. எண்டர்பிரைஸின் வகையில் ஆறு கப்பல்கள் கட்டத் திட்டமிட்டிருந்தனர். செலவைக் கண்டு ஒன்றோடு நிறுத்தினர். அடுத்துக் கட்டிய இரு பெரிய விமானந் தாங்கிகளை அமெரிக்கரே எண்ணெயால் ஓடுவனவாகத்தான் கட்டினர். நிமிட்ஸ் வகைக் கப்பலுக்கு ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே அணு எரிபொருள் மாற்ற வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த ஒருமுறை எளிதன்று. கப்பலின் நடுவயிற்றைத் திறந்து, கதிர்வீச்சு படாமல் பழைய எரிபொருளை எடுத்துப் புதியதை வைத்து மூட வேண்டும். 'ஜார்ஜ் வாஷிங்டன்' என்னும் கப்பல் இவ்வேலைக்காக 2017-இல் தளத்துக்குள் நுழைந்தது. நான்காண்டு வேலையென்று கருதியது 2023-இல்தான் முடிந்தது.

அந்த நீண்ட ஆண்டுகளில் இளம் மாலுமிகள் பலர், துளையிடும் ஓசைக்கும் தூசுக்கும் இடையே, மின்சாரமும் வெந்நீரும் நின்று நின்று வரும் அக்கப்பலிலேயே தங்க வேண்டியதாயிற்று. 2022 ஏப்ரலில் ஒரே வாரத்துக்குள் மூன்று மாலுமிகள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அதன் பின்னரே நூற்றுக்கணக்கானவரை வேறிடங்களுக்கு மாற்றினர். போரில் அன்று, பழுது பார்க்கும் தளத்தில் நேர்ந்த இழப்பு இது. ஊரை விட்டுப் பிழைக்க வந்து, வேலையிடத்துக் கொட்டகையிலேயே படுத்தெழுந்த முன்னோரையுடைய நமக்கு இச்செய்தியின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. எஞ்சினுக்கு எத்தனை கோடி என்று கணக்கிடுகிறவர்கள், அதைக் காக்கும் பிள்ளை இரவில் எங்கே உறங்குவான் என்பதையும் அதே ஏட்டில் எழுத வேண்டும்.

முடிவுச் செலவையும் காண்போம். 51 ஆண்டு உழைத்த எண்டர்பிரைஸ் 2012 டிசம்பரில் பணி நிறுத்தியது. அதன் எரிபொருளை எடுத்து முடித்து, 2017 பிப்ரவரியில் முறையாக விடுவித்தனர். அதைப் பிரித்துக் கலைப்பதற்கான ஒப்பந்தம் 2025-இல்தான் கையெழுத்தாயிற்று. வேலை 2029 வரை செல்லும். கட்டிய செலவு ஏறத்தாழ 45 கோடி டாலர். கலைக்கும் ஒப்பந்தமோ 53 கோடி டாலருக்கு மேல். அறுபது ஆண்டில் பணத்தின் மதிப்புக் குறைந்திருப்பதை நாம் அறிவோம். ஆகவே இரண்டையும் அப்படியே ஒப்பிட்டுவிட முடியாது. எனினும் ஒரு வேறுபாடு விளங்கும். நம் பழைய விக்ராந்த் 1997-இல் ஓய்வு பெற்று, மும்பையில் காட்சிக்கூடமாக நின்று, 2014-இல் இரும்புக்காக உடைக்கப்பட்டபோது, வாங்கியவர் நமக்குப் பணம் கொடுத்தார். அணுக்கப்பலை உடைக்க, உடையவரே பணம் கொடுக்க வேண்டும்.

நம் நாட்டுக்கு இத்துறையில் அறிவு இல்லையோ என்றால், அப்படியன்று. செங்கற்பட்டுச் சீமையின் கடலோரத்தில், கல்பாக்கத்தில், நீர்மூழ்கிக் கப்பலுக்குரிய அணு உலையின் முன்மாதிரியைத் தரையிலேயே அமைத்து ஓட்டிப் பார்த்தனர். 2009-இல் அச்செய்தி வெளிப்படையாயிற்று. அதே ஆண்டு ஜூலை 26-இல் 'அரிஹந்த்' நீர்மூழ்கி விசாகப்பட்டினத்தில் நீரில் இறங்கியது. 2013 ஆகஸ்டில் அதன் உலை உயிர்பெற்றது. அதன் தம்பியாகிய 'அரிகாத்' 2024-இல் பணியேற்றது. தமிழ் மண்ணில் பழகிய கை அது. ஆனால் நீர்மூழ்கியின் தேவை வேறு. காற்று வேண்டாத அடுப்பு இருந்தால்தான் அது மாதக்கணக்கில் நீருக்கடியில் மறைந்திருக்க முடியும். அதற்கு அணுவுக்கு ஈடான மாற்று இல்லை. விமானந் தாங்கியோ நீரின் மேல் திறந்த வெளியில் ஓடுவது. அதற்கு எண்ணெயும் உதவும். மேலும், அணுவால் ஓடினாலும் அதன் விமானங்களுக்கு எண்ணெயும், அதன் மக்களுக்குச் சோறும் வேறு கப்பல்கள் கொண்டுவந்து கொடுத்தே தீர வேண்டும். இன்று உலகில் அணுசக்தி விமானந் தாங்கி வைத்திருப்பவை அமெரிக்கா, பிரான்சு ஆகிய இரண்டு நாடுகளே என்பது இதனாலேயே வியப்பன்று.

ஆகவே நம் பிள்ளைகளின் கேள்விக்கு நாம் கூறும் விடை இதுதான். வேண்டவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வரிசை முக்கியம். கொச்சியில் விக்ராந்தைக் கட்ட, 2009-இல் அடிமரம் நாட்டியதிலிருந்து 13 ஆண்டு பிடித்தது. ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய் செலவாயிற்று. அந்த ஆண்டுகளில் பற்றவைப்போர், குழாய் பொருத்துவோர், வரைபடம் தீட்டுவோர் ஆயிரக்கணக்கானோர் அரிய தொழிலைக் கற்றனர். அக்கைகள் கலைந்து போகுமுன் அடுத்த கப்பலை அவர்களிடம் கொடுப்பதே முதற் கடமை. அணு உலையை அதன்பின் எண்ணலாம். எண்ணுங்கால், எரிபொருள் மாற்றும் செலவு, மாலுமிகளின் உறைவிடம், கடைசியில் கலைக்கும் பணம் ஆகிய மூன்றும் திட்டத்தின் முதற் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். பின்னால் வரும் தலைமுறையின் தலையில் கடனை ஏற்றிவிட்டு, நாம் பெருமையை மட்டும் வைத்துக்கொள்வது குடும்பத்துக்கும் அழகன்று, நாட்டுக்கும் அழகன்று.

நம் சங்கக் குடும்பங்களில் விமானத் தொழிற்சாலையிலோ, மின்னணுத் தொழிற்சாலையிலோ, கடற்படையிலோ பணியாற்றி ஓய்வு பெற்றோர் பலர் உளர். அவர்கள் தம் பணியனுபவத்தைத் தமிழில் எழுதியனுப்பினால், இப்பகுதியில் மகிழ்ச்சியோடு வெளியிடுவோம். பிள்ளைகளும் தம் ஐயங்களை எழுதலாம். அடுத்த திங்கள் கலங்கரை விளக்கங்களைப் பற்றிப் பார்ப்போம்.