எண் சரி, சிறுநீரகம் சரியா?

ரத்தப் பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்ததும் அநேகர் தேடுவது ஒன்றைத்தான்: ஏதாவது எண் எல்லையைத் தாண்டியிருக்கிறதா? தாண்டவில்லை என்றால் சீட்டை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். சிறுநீரக விஷயத்தில் இந்த நிம்மதி ஆபத்தானது.

கிரியாட்டினின் என்பது தசைகளில் உண்டாகும் கழிவுப் பொருள். அதை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அந்தச் சக்தியில் ஏறக்குறையப் பாதி போன பிறகும் கிரியாட்டினின் எண் சாதாரணமாகவே காட்சியளிக்கக்கூடும். 25 வயது வாலிபனுக்கும் 70 வயது மூதாட்டிக்கும் 1.1 என்ற ஒரே எண் வருவதாக வைத்துக்கொள்வோம். வயதையும் ஆண், பெண் என்ற வித்தியாசத்தையும் சேர்த்து, 2021-ல் வெளியான சூத்திரப்படி கணக்கிட்டால், வாலிபனின் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிஷத்துக்குச் சுமார் 95 மில்லிலிட்டர். மூதாட்டிக்கோ சுமார் 54 தான்! 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய் என்பது வைத்திய நிபுணர்களின் வரையறை.

என்ஸைம்களின் கதையும் இதுவே. கணையத்தில் சுரக்கும் அமிலேஸ், லிபேஸ் இரண்டையும் ரத்தத்திலிருந்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு. அது தளர்ந்தால், கணையத்தில் கோளாறே இல்லாமல் இவை ஓரளவு உயரும். கல்லீரலைப் பற்றிச் சொல்லும் எஸ்.ஜி.பி.டி. இதற்கு நேர் எதிர். டயாலிசிஸ் செய்துகொள்வோரிடம் அது வழக்கமாகவே தாழ்ந்திருக்கும். ஆகவே ஹெபடைடிஸ்-சி கிருமி உள்ளே புகுந்திருந்தாலும் சீட்டு "சாதாரணம்" என்று சாட்சி சொல்லிவிடும். இதனால்தான் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அந்தக் கிருமிக்கெனத் தனிப் பரிசோதனை அவசியமாகிறது. ஆல்கலைன் பாஸ்படேஸ் உயர்ந்தாலோ, குற்றவாளி கல்லீரலாக இல்லாமல், சிறுநீரக நோயால் கெட்ட எலும்பாகவும் இருக்கலாம்.

ஒல்லியானவரையும் பயில்வானையும், கிழவரையும் குமரனையும் ஒரே படியால் அளப்பது நியாயமா? கிரியாட்டினின் எண்ணுக்குப் பக்கத்திலேயே வடிகட்டும் வேகத்தையும் அச்சிட்டுக் கொடுப்பது ஒவ்வொரு பரிசோதனைச் சாலையின் கடமையாக வேண்டும். இதற்குப் புதிதாக ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. கணக்குப் போட்டால் போதும்.

இது ஜனங்களை வீணாகப் பயமுறுத்தும் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஒரு தடவை வந்த எண்ணைக் கொண்டு யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. மறுபடி சோதித்தே முடிவு கட்டுகிறார்கள். அறியாமையால் வரும் நஷ்டமோ பெரிது. சிறுநீரகம் தளர்ந்தது தெரியாமல், மூட்டுவலிக்காகக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வலி மாத்திரை, மிச்சமிருக்கும் சக்தியையும் குடித்துவிடும்.

சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது சிறுநீரில் ஆல்புமின் இறங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் எந்த டாக்டரிடம் போனாலும், எந்தச் சீட்டை நீட்டினாலும், முதலில் அந்த நோயைச் சொல்லிவிடுவது உத்தமம்.