தீவை அறியாமல் தீவுக்குச் செல்வதோ?

கார் நிக்கோபாருக்கு மாற்றல் ஆணை வந்த அன்று ஒரு தமிழ்க் குடும்பத்தில் என்ன நிகழும் என்பதை இம்மலரைப் படிக்கும் அனைவரும் அறிவர். இல்லத்தரசி கண் கலங்குவார். ஊரிலிருந்து மாமனார், "யாரைப் பகைத்துக்கொண்டீர் மாப்பிள்ளை?" என்று கேட்பார். அலுவலக நண்பர்கள் ஆணையை நீக்க வல்ல பெரியவர் எவரென ஆராய்வர். அது இயலாதென்று தெரிந்தபின், படி எவ்வளவு, விடுப்பு எத்தனை நாள், திரும்புவது எப்போது என்னும் கணக்குத் தொடங்கும். அந்தத் தீவில் வாழ்வோர் யாவர் என்னும் வினா மட்டும் எழுவதே இல்லை. நாமும் அவ்வினாவைக் கேளாமலேயே கப்பலேறியவர்தாம். பிறரைக் குறை கூறும் உரிமை நமக்கில்லை. நம்மையும் சேர்த்துக் குறை கூறும் கடமை உண்டு.

நம் சங்க மேடைகளில் நிக்கோபார் என்றவுடன் முழங்குவது ஒன்றே. இராசேந்திர சோழனின் கடற்படை கி.பி. 1025-இல் கடாரம் நோக்கிச் சென்ற பெருமையையும், அவன் மெய்க்கீர்த்தியில் இத்தீவுகள் மாநக்கவாரம் எனப் பெயர் பெற்றதையும் சொல்லிக் கைதட்டல் பெறுகிறோம். பெருமைதான், மறுப்பார் இல்லை. ஆயினும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நாம் இட்ட பெயரை நினைவில் வைத்துள்ள நமக்கு, அத்தீவின் மக்கள் தம் மண்ணுக்கு இட்ட பெயர் தெரியுமா? அவர்கள் அதனைப் 'பூ' என்கின்றனர். அவர்தம் மொழிக்கும் அதுவே பெயர். தமிழ் நாவுக்கு இதனினும் எளிய சொல் வேண்டுமோ? அதனைக் கூட அறியாமல் இரண்டு, மூன்று ஆண்டுகள் அங்கிருந்து மீண்டவர் நம்முள் பலர்.

அறியாமையின் இடத்தைக் கற்பனை நிரப்புகிறது. சிலர் அடர்காடும் அம்பு ஏந்திய மனிதரும் உள்ள இடமென அஞ்சுகின்றனர். சிலர் நீலக்கடலும் வெண்மணலும் உள்ள உல்லாசத் தலமென மகிழ்கின்றனர். இரண்டும் பிழை. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயருக்குத் தெற்கே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவில், 127 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த தட்டையான பவளத்தீவு அது. நிக்கோபார் மாவட்டத்தின் தலைமையிடமும் அதுவே. 2011 மக்கள் கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் 17,841 பேர். மூஸ், பெர்க்கா, மலாக்கா, சவாய், அரோங் எனச் சிற்றூர்கள், ஊர்தோறும் தலைவர், அவர்களுக்கு மேல் பழங்குடி மன்றம். பள்ளியும் திருச்சபையும் நெடுங்காலமாக உண்டு. அலுவலகங்களில் நம் அருகே அமர்ந்து கோப்பு எழுதுவோரில் நிக்கோபாரியரும் உண்டு. விடியல் ஐந்து மணியை ஒட்டி. மாலை ஆறு மணிக்குள் இருள். மே திங்களில் தொடங்கும் மழை ஆண்டின் இறுதிவரை விட்டுவிட்டுப் பெய்யும். கடல் கொந்தளித்தால் கப்பல் வாராது. கப்பல் வாராவிடில் காய்கறி வாராது. நாள்தோறும் மருந்து உண்ணும் முதியவரை உடன் அழைத்துச் செல்வோர் அறியவேண்டிய முதற்பாடம் இதுவன்றோ?

எனினும், மழையையும் கப்பலையும் அறிந்தால் மட்டும் போதாது. மக்களின் முறையை அறிதல் வேண்டும். அங்கு நிலமும் தென்னையும் தனியொருவர் உடைமை அல்ல. 'துகேத்' எனப்படும் பெருங்குடும்பமே உடையது. நாம் சென்ற புதிதில் ஒரு மாலை நடை போனபோது, வழியில் விழுந்து கிடந்த தேங்காய் இரண்டை எடுத்துவந்தோம். வேலியில்லை, காவலில்லை, ஆகவே உரியவர் இல்லை என்று கருதினோம். மறுநாள் உடன் பணியாற்றிய நிக்கோபாரிய நண்பர் வந்து, அம்மரம் எந்தத் துகேத்தைச் சேர்ந்தது, அங்கு விழும் காய் அவர்தம் உணவுக்கும் பன்றிகளின் தீனிக்கும் கொப்பரைக்கும் எவ்வாறு பகுக்கப்படும் என்பதைப் பொறுமையாக விளக்கினார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் பத்துக் காய் கொடுத்திருப்பார்கள் என்று மட்டும் சொல்லிச் சென்றார். நம் ஊரில் அயலான் ஒருவன் நம் தோப்பில் புகுந்து காய் பொறுக்கினால் நாம் இவ்வளவு மென்மையாகப் பேசியிருப்போமா? அன்று நாணினோம். அந்த நாணம், புறப்படுமுன் ஒருமணி நேரம் செலவிட்டிருந்தால் தவிர்ந்திருக்கும்.

சட்டமும் இதனையே சொல்கிறது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி, அயலார் அனுமதிச் சீட்டின்றி அத்தீவினுள் புகலாகாது. பழங்குடியினர் நிலம் அயலார் கைக்கு மாறவும் வழியில்லை. "சும்மா கிடக்கும் நிலத்தில் நாலு ஏக்கர் வாங்கிப் போட்டால் என்ன?" என்று கேட்போர் இன்றும் நம் விருந்துகளில் உளர். அந்நிலம் சும்மா கிடப்பதன்று. உரியவர் உள்ள நிலம். நாம் அங்குக் குடியேறுவோர் அல்லேம். அனுமதியுடன் தங்கும் விருந்தினர். விருந்தினன் வீட்டாரின் முறையை அறிந்து நடத்தல் தமிழனுக்குப் புதிய பாடமா?

"சிலகாலம் இருந்து போகிறவனுக்கு இவ்வளவு அறிவு எதற்கு?" என்பர். "போனபின் தானே தெரிந்துவிடும்" என்றும் கூறுவர். இவ்விரண்டிற்கும் கடல் ஒருமுறை விடை அளித்தது. 2004 டிசம்பர் 26 காலை நிலம் நடுங்கிய சில நிமிடங்களில் பேரலை கார் நிக்கோபார்க் கரையைத் தின்றது. கரையோரச் சிற்றூர்கள் அழிந்தன. வான்படைத் தளத்தில் மட்டும் வீரரும் குடும்பத்தாருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களும் நம்மைப்போல் ஆணை பெற்று வந்தோரே. மண்ணின் மைந்தரான நிக்கோபாரியரும் பெருந்தொகையாக மடிந்தனர்; எஞ்சியோர் ஊர்களைத் தீவின் உட்புறத்துக்கு மாற்றிக்கொண்டனர். ஆகவே, உள்ளூரார் எல்லாம் அறிவர், நாம் ஒன்றும் அறியவேண்டா என்று இருப்பதும் தகாது.

இன்னொன்றும் கேளுங்கள். 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே பெரிய நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதனால் எழுந்த அலை வங்கக்கடலைக் கடந்து நம் நாகப்பட்டினத்து அலைமானியில் பதிவாயிற்று. அந்த ஏடு நம் கரையிலேயே இருந்தது. 123 ஆண்டுகள் கழித்து, அதே நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அலைக்கு இரையாயினர். அறிவு இல்லாமற் போகவில்லை. அதனை மக்களிடம் கொண்டுசென்றவர் இல்லை. மாறாக, தெரேசா தீவில் பணியிலிருந்த துறைமுக ஊழியர் ஒருவர், ஆழிப்பேரலை பற்றித் தொலைக்காட்சியில் கண்டது நினைவுக்கு வர, ஊராரை மேட்டுக்கு ஓடச் சொல்லிக் காத்தார் என்னும் செய்தியை அக்காலத்து ஏடுகளில் படித்தோம். நிலம் நெடுநேரம் நடுங்கினால் கரையை விட்டு மேட்டுக்கு ஓடுக என்பது ஒருவரிச் செய்தி. நம் மாற்றல் ஆணைகளில் எத்தனையோ பத்தி உண்டு. இவ்வொரு வரி உண்டா? சுமை கட்டும்போது நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொன்னோமா?

அறிந்து செல்லுதல் என்பது எவராலும் இயலாத பெருந்தவம் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேதப்பன் சாலமன் என்னும் தமிழர் மூஸ் சிற்றூரில் சென்று தங்கினார். அம்மக்களின் மொழியைக் கற்றார், பள்ளி நடத்தினார். அவர் கண்டெடுத்துப் பர்மாவுக்குப் படிக்க அனுப்பிய சிறுவரே பிற்காலத்தில் ஆயர் ஜான் ரிச்சர்ட்சன் ஆனார். புதிய ஏற்பாட்டைக் கார் நிக்கோபார் மொழியில் தந்தார். 1952-இல் அந்தமான் நிக்கோபாரின் முதல் மக்களவை உறுப்பினராக அமர்ந்தார். மின்விளக்கும் தொலைபேசியும் இல்லாத காலத்தில் ஒரு தமிழர் செய்த செயலில் நூற்றில் ஒரு பங்கை, கைப்பேசியை இமைப்பொழுதும் பிரியாத நாம் செய்யலாகாதா? மாநக்கவாரத்தை முழங்கும் மேடைகளில் சாலமன் பெயர் ஒலித்து நாம் கேட்டதில்லை. படையொடு சென்றவனைப் பாடுகிறோம். பாடம் சொல்லச் சென்றவரை மறந்தோம்.

அறிந்து செல்லும் வாய்ப்பே அற்றவரும் நம் இனத்தில் உண்டு. 1964 ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட தமிழர் சிலர், கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எங்கே போகிறோம் என்று கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை. நமக்கோ ஆணைக்கும் பயணத்துக்கும் இடையே வாரங்கள் உள. அந்த வாரங்களைச் சிபாரிசு தேடுவதில் கழிப்பவன், தனக்குக் கிடைத்த பேற்றை உணராதவன்.

ஆகவே சங்கத்துப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டிமன்றம் நடக்கட்டும்; பொங்கல் விழா நடக்கட்டும். அவற்றுடன், கார் நிக்கோபாருக்குச் செல்லும் ஒவ்வொரு குடும்பத்தையும் புறப்படுமுன் ஒரு மாலை அழையுங்கள். அங்கிருந்து மீண்ட குடும்பம் ஒன்றையும், நிக்கோபாரியப் பெரியவர் ஒருவரையும் உடன் அமர்த்துங்கள். கப்பல், மருந்து, மழை, நிலநடுக்கம், துகேத், சட்டம் ஆகியவற்றை ஒரு சிறு கையேடாகத் தமிழில் அச்சிடுங்கள். அம்மொழியில் நலம் கேட்கவும் நன்றி கூறவும் பத்துச் சொற்களை அதில் சேருங்கள். செலவு ஒரு விழாவின் பூமாலைச் செலவை மிஞ்சாது. முதல் மாலைக்குரிய நாளைக் குறித்துச் சொல்லுங்கள். அத்தேங்காய் இரண்டின் கதையைச் சொல்ல நாம் வருவோம்.