பன்றியின் மேல் பழி

பன்றிக் காய்ச்சல் என்றதும் நம் செங்கல், பாறசாலைப் பக்கத்து வீடுகள் சிலவற்றில் பன்றி இறைச்சியை விலக்கிவிடுகின்றனர். இருமும் பிள்ளையை மட்டும் தவறாமல் பள்ளிக்கு அனுப்புகின்றனர்! பெயர் செய்த குழப்பம் இது.

2022 ஜூலையில் வயநாட்டு மானந்தவாடிப் பகுதிப் பண்ணைகளில் கண்டது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். பன்றிகளை மாய்க்கும் அந்நோய் மனிதரைத் தொற்றாது. 2009இல் உலகெங்கும் பரவிய எச்1என்1 இன்ஃபுளூயன்ஸா முற்றிலும் வேறு. பறவையின் கிருமியும் மனிதனின் கிருமியும் பன்றியுடலில் ஒருசேரத் தங்கக்கூடும். அங்கே அவை கலந்து புதுக் கிருமி பிறக்கலாம். அந்த எச்1என்1 கிருமியிலும் மூவகைக் கூறுகளும் கலந்திருந்தன. ஆதலால் பண்ணைகளைக் கண்காணிப்பது அவசியமே. எனினும், மனிதரிடையே புகுந்தபின் அது இருமலாலும் தும்மலாலும் பரவிற்றேயன்றி, நன்கு வெந்த இறைச்சியால் அன்று. இன்றும் அது பருவந்தோறும் வரும் சளிக்காய்ச்சல்களுள் ஒன்றாய் நம்மிடையே உலவுகிறது.

சுக்குக் கஷாயம் தொண்டைக்கு இதம், நாம் மறுக்கவில்லை. ஆனால் கர்ப்பிணிகள், முதியோர், சிறு குழந்தைகள், நீரிழிவு உள்ளோர் ஆகியோருக்குக் காய்ச்சலும் இருமலும் கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். ஒசெல்டாமிவிர் என்னும் மருந்து முதல் 2 நாட்களுக்குள் தொடங்கினால்தான் மிகுந்த பயன் தரும். இருமும் பிள்ளையோ, காய்ச்சல் விட்டு ஒரு நாளேனும் கழியும்வரை வீட்டிலேயே இருக்கட்டும்.