பாதி தேய்ந்த டயரும் லடாக் பயணமும்

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் என்.எச். 48ல் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டும்போது ஒரு வேடிக்கை தோன்றும். இந்தப் பக்கம் ஒரகடத்தில் 2013லும் வல்லம் வடகாலில் 2017லும் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு ஆலைகள். ஒரகடத்திலேயே 2010ல் வந்த அப்பல்லோ டயர்ஸ். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே. டயர், சியட். பைக்கும் டயரும் பக்கத்துப் பக்கத்து ஊரில் தயாராகும் இடம் இது. ஆனால் லடாக் போகக் கிளம்பும் இந்த ஊர்ப் பையன்களைக் கேட்டால் சைலன்சர், லக்கேஜ் கேரியர், ஹெல்மெட் கேமரா என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். டயர்? "இன்னும் பாதி இருக்கு, போய்ட்டு வந்து மாத்திக்கலாம்!"

அந்தப் பதில் சிக்கனம் போலத் தெரியும். கணக்குப் போட்டால் சிக்கனம் இல்லை.

உதாரணத்துக்குப் பின் டயர் விலை 4,000 ரூபாய், ஆயுள் 12,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கிலோமீட்டருக்கு சுமார் 33 பைசா. இதுவரை 7,000 ஓடியிருந்தால் மிச்சம் 5,000. அதன் மதிப்பு ஏறக்குறைய 1,670 ரூபாய். கிளம்பும் முன் மாற்றினால் இந்தப் பணம் வீண் என்பதுதான் எல்லோருடைய வாதமும்.

இப்போது பாதையைப் பார்க்கலாம். சென்னை டு டில்லி சுமார் 2,200 கி.மீ., டில்லி டு மணாலி 540, மணாலி டு லே 430. லே போய்ச் சேரும்போதே 3,200 நெருங்கிவிடும். கர்துங் லா, நூப்ரா, பாங்காங் ஏரி, உம்லிங் லா என்று சுற்றினால் இன்னொரு 1,200. ஆக 4,400. அதாவது, மிச்சமிருந்த 5,000ல் கடைசி 600 கிலோமீட்டரை வைத்துக்கொண்டு தங்லாங் லா, பாரலாச்சா லா கணவாய்களைத் தாண்டி மணாலிக்கு இறங்க வேண்டும். வீடு வந்து சேர அதற்குப் பிறகும் 2,700 கி.மீ. பாக்கி!

இதிலும் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. டயர் எப்போதும் ஒரே வேகத்தில் தேயாது. பின்னால் ஒரு ஆள், இரண்டு பக்கமும் மூட்டை, நாக்பூர் வெயிலில் கொதிக்கும் தார் ரோடு... வழக்கமான 12,000 அங்கே செல்லாது. நேர் ரோட்டிலேயே மணிக்கணக்கில் ஓடுவதால் நடுப்பகுதி மட்டும் தட்டையாகிவிடும். அப்படிப்பட்ட டயர் மலை வளைவில் சாய்வதற்கு முரண்டு பிடிக்கும். டயர் மொட்டையாகும் நேரமும், பனி உருகி ரோட்டைக் கடந்து ஓடும் ஓடைகளில் வண்டி இறங்கும் நேரமும் ஒன்றாகவே வரும்.

"அங்கேயே வாங்கிக்கலாமே" என்று சிலர் சொல்வதுண்டு. 2016ல் வந்த முதல் ஹிமாலயனுக்கு முன்னால் 90/90-21, பின்னால் 120/90-17. இந்த அளவு வழியில் எல்லாக் கடையிலும் தொங்காது. அவ்வளவு ஏன், டயர் ஆலை பக்கத்திலேயே இருப்பதும் உதவாது. ஒரகடம் ஆலையில் முக்கியமாக வருவது கார், லாரி, பஸ் டயர்கள். ஆலை வாசலில் குடியிருப்பவரும் கடைக்குப் போய் சைஸ் சொல்லி, இல்லையென்றால் வரவழைத்துத்தான் மாட்ட வேண்டும். இங்கேயே இந்த நிலைமை என்றால், கேலாங் தாண்டிய பிறகு கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் அந்த 1,670 ரூபாய் நஷ்டம்தானா? இல்லை! எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். கழற்றிய டயரைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வரச்சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வீட்டில் வெயில் படாமல் வைத்துவிட்டு, பயணம் முடிந்து அதையே திரும்ப மாட்டி, ஆபீசுக்கும் காய்கறி வாங்கவும் ஓட்டித் தேய்த்துவிடலாம். டயருக்கு வயதாகி வெடிப்பு விடாமல் இருந்தால் போதும். உண்மையான கூடுதல் செலவு கழற்றி மாட்டும் கூலியும், அடுத்த டயரைக் கொஞ்சம் முன்னதாக வாங்கிய பணமும்தான். அதற்காக ஒரு உயிரைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் தேறாது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1225 என்றால் 2025ஆம் ஆண்டின் 12வது வாரம் தயாரானது. கடையில் வருஷக்கணக்கில் தூங்கிய டயரை வாங்கக்கூடாது. புது டயரின் மேல்தோல் வழுக்கும் என்பதால் முதல் 150 கிலோமீட்டர் நிதானமாகப் போக வேண்டும். ஆகவே கிளம்பும் அன்று காலை மாட்டாமல் ஒரு வாரம் முன்பே மாட்டி, ஊருக்குள் ஓட்டிப் பழக்குவது நல்லது. பழைய ஹிமாலயன் போல ஸ்போக் சக்கரமும் ட்யூபும் உள்ள வண்டிக்கு உபரி ட்யூப் அவசியம். இரண்டு வைக்க இடமில்லை என்றால் 21 இஞ்ச் முன் ட்யூபை எடுத்துப் போகலாம். அவசரத்துக்குப் பின் சக்கரத்திலும் அடைத்து அடுத்த ஊர் வரை ஓட்டிவிடலாம்.

பெட்ரோல் எங்கே கிடைக்கும், ரூம் எங்கே கிடைக்கும் என்று பேப்பரில் எழுதுகிறவர்கள், டயர் எந்தக் கிலோமீட்டரில் தீரும் என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் போதும். அந்த இடம் மலைமேல் வந்தால், அதை ஸ்ரீபெரும்புதூரிலேயே மாற்றிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.