காசு கொடுத்த இடத்தில் அடுத்தவர் டிரக்

ரயிலில் முன்பதிவு செய்த பெர்த்தில் வேறு யாரோ போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். என்ன நடக்கும்? எழுப்பிப் பார்ப்பார்கள். எழுந்திருக்காவிட்டால் டி.டி.இ. வருவார். ஆசாமி முணுமுணுத்துக்கொண்டே இடத்தைக் காலி செய்வார். அத்தோடு கதை முடிந்தது. இதே சங்கதி அமெரிக்காவில் ஒரு டிரக் ஸ்டாப்பில் நடந்தால், கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டிரக் ஸ்டாப் என்றால் வெறும் பெட்ரோல் பங்க் அல்ல. டீசல், சாப்பாடு, குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம், அதோடு இரவில் டிரக்கை நிறுத்திவிட்டுத் தூங்கப் பெரிய மைதானம் என்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். ஓட்டுநர் தூங்குவது டிரக்கிலேயே, இருக்கைக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில். அயோவா மாநிலம் வால்காட்டில் இருக்கும் 'அயோவா 80'தான் உலகிலேயே பெரியது என்கிறார்கள். அங்கே சுமார் 900 டிரக்குகள் நிற்கலாம். ஆனால் எல்லா ஊரிலும் ஒரு வால்காட் இருக்கிறதா என்ன?

நிறுத்த இடம் கிடைப்பது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? சட்டம் அப்படி. சரக்கு டிரக் ஓட்டுபவர் 10 மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுத்த பிறகு அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். அதையும் வேலையைத் தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். முன்பெல்லாம் இந்தக் கணக்கை நோட்டில் எழுதுவார்கள். கால் மணி நேரம் முன்னே பின்னே ஆனால் பேனா சமாளித்துக்கொள்ளும். 2017 டிசம்பரிலிருந்து எலக்ட்ரானிக் கருவி கட்டாயமாகத் தொடங்கியது. அது இன்ஜினோடு சேர்ந்து கணக்கு வைக்கிறது, அதனிடம் சலுகை கேட்க முடியாது. தூக்கம் வருகிறதோ இல்லையோ, நேரம் முடிந்தால் வண்டி நின்றாக வேண்டும். எங்கே நிற்பது என்பதை மட்டும் கருவி சொல்லாது!

அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை 2019-ல் எடுத்த கணக்குப்படி நாடு முழுவதும் டிரக் நிறுத்தும் இடங்கள் சுமார் 3,13,000. இதில் அரசு ஓய்விடங்களில் இருப்பவை 40,000 மட்டுமே, மற்றதெல்லாம் தனியாரிடம். பாதுகாப்பான இடம் கிடைக்கத் திண்டாடுவதாகச் சொன்ன ஓட்டுநர்கள் 98 சதவீதம். இந்தத் திண்டாட்டத்தில்தான் டிரக் ஸ்டாப்காரர்கள் சில வரிசைகளைப் பிரித்து, 'முன்பதிவு, கட்டணம்' என்று பலகை வைத்தார்கள். ஓர் இரவுக்குப் பொதுவாக 15, 20 டாலர். ஓசியில் கிடைத்ததற்கு இப்போது காசா என்று ஓட்டுநர்கள் கொதித்தார்கள். டீசலும் சாப்பாடும் வாங்குவது அவர்கள்தானே, கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் மைதானத்துக்குத் தார் போட, விளக்கு எரிக்க, பனி அள்ளச் செலவாகிறது என்று முதலாளி சொல்வதும் பொய்யில்லை. கட்டணம் வாங்கட்டும். வாங்கிய பிறகு அது வெறும் வாடகை இல்லை, வாக்குறுதி. அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற ராத்திரி அங்கே யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இரவு பத்தே முக்கால். காலையிலேயே பணம் கட்டி 42-ஆம் எண் இடத்தைப் பதிவு செய்த ஓட்டுநர் வந்து சேர்கிறார். கருவியில் மீதி பத்து நிமிடம். 42-ல் வேறொரு டிரக் நிற்கிறது, திரையெல்லாம் இழுத்து மூடியாகிவிட்டது. இவர் கவுண்டருக்கு ஓடுகிறார். அங்கே இரவு ஷிப்டில் காபி விற்கும் பெண் ஒருத்திதான் இருக்கிறாள். பாவம், முப்பத்தாறு டன் வண்டியை அவள் என்ன செய்வாள்? கதவைத் தட்டச் சொல்கிறாள். தட்டினால் உள்ளே இருப்பவர், "என் நேரம் முடிந்துவிட்டது, நகர்த்தினால் ஓய்வுக் கணக்கு கெட்டுவிடும்" என்கிறார். அவரை வெளியேற்ற இழுவை வண்டியைக் கூப்பிடலாம். ஆனால் இந்த அளவு வண்டியை இழுத்துப் போனால் பில் ஆயிரக்கணக்கான டாலரில் வரும். இல்லையென்றால் சக்கரத்துக்குப் பூட்டு. பூட்டிய வண்டி அங்கேயேதான் நிற்கும், காசு கொடுத்தவருக்கு அதனால் என்ன லாபம்?

தெரிந்தே அடுத்தவர் இடத்தில் நிறுத்துபவருக்காகப் பரிதாபப்பட வேண்டியதில்லை. அது திருட்டுதான். ஆனால் தூங்குகிறவரை நடுராத்திரியில் எழுப்பி விரட்டுவது இன்னும் பெரிய தப்பு. விரட்டப்பட்ட வண்டி எங்கே போகும்? நெடுஞ்சாலை ஓரத்துக்கு, அல்லது ஓய்விடத்துக்குத் திரும்பும் கிளைச் சாலையின் ஓரத்துக்கு. 2023 ஜூலை 12 அதிகாலையில் இல்லினாய் மாநிலத்தில் அப்படி ஒரு கிளைச் சாலை ஓரம் நின்றிருந்த 3 டிரக்குகள் மீது ஒரு கிரேஹவுண்ட் பேருந்து மோதியது. பேருந்தில் வந்த 3 பேர் இறந்தார்கள். அதற்கும் முன்னால், 2009 மார்ச்சில், ஜேசன் ரிவன்பர்க் என்ற ஓட்டுநர் தென் கரோலினாவில் மூடிக்கிடந்த பெட்ரோல் பங்க் ஒன்றில் வண்டியை நிறுத்தித் தங்கினார். சரக்கை இறக்கும் நேரம் இன்னும் வரவில்லை. அங்கேயே சுட்டுக் கொன்றார்கள். கொள்ளை போனது 7 டாலர். மனைவி அப்போது கர்ப்பிணி. டிரக் நிறுத்த இடங்களைக் கணக்கெடுக்க, பெருக்க வழி செய்த 2012-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 'ஜேசன் சட்டம்' என்றே பெயர்.

ஆகவே கண்டிப்பு வேண்டும், ஆனால் ஓட்டுநர் படுப்பதற்கு முன்னால் வேண்டும். முன்பதிவு வரிசைக்குத் தனி வழி, குறுக்கே ஒரு கம்பித் தடுப்பு, பதிவு எண்ணைத் தட்டினால் திறக்கும். அதற்கு வசதியில்லையா? மாலை ஆறு முதல் பதினொன்று வரை டார்ச்சோடு சுற்றிவர ஒரு ஆள். (பிளாஸ்டிக் கூம்பு வைப்பது வீண் வேலை. இறங்கி அதை எடுத்து ஓரமாக வைக்க எத்தனை நேரம் ஆகும்?) அப்படியும் யாராவது புகுந்து தூங்கிவிட்டால் தூங்கட்டும். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு காலையில் அபராதம் போடலாம், மறுபடி செய்தால் பதிவு கிடையாது என்று சொல்லலாம். பணம் கட்டி ஏமாந்தவருக்கு உடனே மாற்று இடம் தர வேண்டும். அதற்காக இரண்டு மூன்று இடங்களை எப்போதும் விற்காமல் வைத்திருப்பது டிரக் ஸ்டாப்பின் கடமை. பணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

இதில் ஒரு சிக்கலை மறைக்க முடியாது. கண்டிப்பு கூடினால் முன்பதிவு நன்றாக விற்கும். விற்றால் இலவச வரிசைகள் ஒவ்வொன்றாகப் பலகை மாறும். பாதி ராத்திரிக்கு மேல் பதிவு வரிசையில் நாலு இடம் காலியாகக் கிடக்க, தூக்கக் கண்ணோடு ஒருவர் மைதானத்தை மூன்றாவது முறை சுற்றிக்கொண்டிருப்பார். பதிவு செய்தவர் தாமதமாக வரலாம், அதனால் விற்ற இடத்தைத் தொடக் கூடாது. விற்காத இடத்தையாவது பத்து மணிக்குமேல் இலவசமாகத் திறந்துவிடலாமே? அதைச் செய்யாத முதலாளி பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் கேட்க வேண்டியதில்லை.

அந்த 20 டாலர் யார் பையிலிருந்து போகிறது என்பதும் இருக்கிறது. சில கம்பெனிகள் திருப்பித் தருகின்றன. பல ஓட்டுநர்கள், அதுவும் சொந்த வண்டிக்காரர்கள், கைக்காசைத்தான் போடுகிறார்கள். பெரும்பாலும் ஓடிய மைலுக்குத்தான் கூலி, தூங்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. தூங்கச் சொல்வது சட்டம், சரக்கோ வேறொருவருடையது. டீசல் விலை ஏறும்போது சரக்கு அனுப்புபவரிடம் எரிபொருளுக்கென்று தனிக் கட்டணம் வாங்கும் வழக்கம் அங்கே பல காலமாக உண்டு. அதே பில்லில் இரவு பார்க்கிங்குக்கும் ஒரு வரி சேர்க்கலாம்.